அந்தக் குழு எங்கே இருக்கிறது?



வேலையிடத்து மன உளைச்சல் பற்றிய தங்கள் கட்டுரை நன்று. ஆனால் சிறிய கடை, விடுதிகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு உள்ள வழியை அது சொல்லவில்லை. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, மன உளைச்சலையும் கணக்கில் எடுத்தே இழப்பீடு நிர்ணயிக்கச் சொல்கிறது. 10 பேருக்குக் குறைவானோர் வேலை செய்யும் இடமென்றால், மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் புகார் எழுதிக் கொடுக்கலாம்.

கிரிவலப் பாதை விடுதி ஒன்றில் இருந்த என் அக்கா மகள், மேலாளரின் ஆபாசப் பேச்சு தாங்காமல் மாதச் சம்பளத்தைக்கூட வாங்காமல் நின்றுவிட்டாள். இப்படியொரு குழு இருப்பதே எங்களுக்கு அப்போது தெரியாது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊரெங்கும் அறிவிப்புப் பலகை வைக்கிறார்களே! குழுவின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் பேருந்து நிலையத்திலும் கிரிவலப் பாதையிலும் எழுதி வைக்க மாவட்ட ஆட்சியர் உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகி, திருவண்ணாமலை