கொம்பு நாலு... காது ஒண்ணு!

ரவுட்டர் வாங்கப் போறீங்களா பாஸ்? 'நாலு ஆன்டெனா, ஸ்பீடு பிச்சுக்கும்'னு கடைக்காரர் சொல்வார். தலையாட்டறதுக்கு முன்னாடி ஸ்கூல் கணக்கைக் கொஞ்சம் தூசு தட்டுங்க.

'மைமோ' டெக்னாலஜியில் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில் ரெண்டு ஆன்டெனா வேற வேற டேட்டாவை அனுப்பும். வாங்குற ரெண்டு ஆன்டெனாவுக்கும் அது கலந்துதான் வரும். ரெண்டு சமன்பாடு, தெரியாதது ரெண்டு... பிரிச்சிடலாம். (இந்த ஐடியாவுக்கு 1994-ல் அமெரிக்க பேட்டன்ட் வாங்கிய இருவரில் ஒருவரான ஆரோக்கியசாமி பால்ராஜ் நம்ம பொள்ளாச்சிக்காரர். காலரைத் தூக்கி விட்டுக்கங்க!)

ஆனா, ரெண்டு ஆன்டெனாவும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி கேட்டா? அதுதான் கோரிலேஷன். எக்ஸ் + ஒய் = 10, எக்ஸ் + 1.01 ஒய் = 10.03. விடை 7, 3. கொஞ்சூண்டு இரைச்சல் புகுந்து 10.03 என்பது 10.05 ஆனா, விடை 5, 5! சிக்னலோட பலம் வேணா கூடும். ரெண்டாவது ரோடு கிடைக்காது.

சுத்திலும் சுவரில் பட்டு எதிரொலிச்சு வர்ற இடத்தில், அரை அலைநீளம் தள்ளி வச்சா போதும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 6 செ.மீ. 900 மெகாஹெர்ட்ஸுக்கோ 16 செ.மீ.க்கு மேல... போனோட நீளமே அவ்வளவுதானே! அதனாலதான் ஆன்டெனாக்களைத் திசை மாத்திச் சாய்ச்சு வைக்கிறாங்க. செல்போன் டவரிலும் 45 டிகிரி இந்தப் பக்கம், 45 அந்தப் பக்கம்னு ஜோடியா ஒரே பெட்டிக்குள்ள இருக்கும்.

இப்ப டெஸ்ட்டிங்குக்கு வருவோம். போனில் கேபிளைச் சொருகி, சேனல் எமுலேட்டர் வழியா சிக்னல் கொடுப்பாங்க. 4ஜி டெஸ்ட்டுக்கு லோ, மீடியம், ஹை-னு மூணு கோரிலேஷன் லெவல் இருக்கு. ஹை-ன்னா ரெண்டு முனையிலும் 0.9. நல்ல டெஸ்ட்தான். ஆனா, கேபிள் சொருகினதுமே போனோட சொந்த ஆன்டெனா ஆட்டத்திலேயே இல்லை. பரீட்சை எழுதினது வேற ஆள்! நிஜ ஆன்டெனாவைச் சோதிக்கணும்னா, எதிரொலி இல்லாத அறையில் போனை நடுவில் வச்சு, சுத்தி வளையமா ஆன்டெனாக்கள் நிறுத்தி, காத்து வழியாவே சிக்னல் அனுப்பணும். செலவு எகிறும்தான்.

ஃபைனல் இயர் மக்களே, மேட்லாபில் ரேண்டம் நம்பரை மட்டும் போட்டு சேனல் செஞ்சா, கோரிலேஷன் பூஜ்யம்னு அர்த்தம். கிராஃப் அமர்க்களமா வரும். எக்ஸ்டர்னல் அதைத்தான் நோண்டுவார். கோரிலேஷன் மேட்ரிக்ஸோட வர்க்கமூலத்தால சேனலைப் பெருக்கி, 0.9-க்கும் ஒரு கர்வ் போட்டு வைங்க. ரெண்டே லைன் கோடு!