நகமும் சதையும்

நெருங்கிய உறவைச் சொல்ல வந்த தமிழர், "நகமும் சதையும் போல" என்று சொல்லிவைத்தனர். பிரிக்கக் கூடாதது என்பது அதன் பொருள். பிரித்தால் என்ன ஆகும் என்பதை நான் என் வலக்கைக் கட்டைவிரலில் கற்றுக்கொண்டேன். அதை நம் சங்க ஏட்டில் எழுத முனைந்தபோது, "தமிழ் மணக்கும் ஏட்டில் நகம் வெட்டுவது பற்றியா கட்டுரை?" என்று நகைத்தார் ஒரு தோழர். நான் அவரைக் கேட்டது ஒன்றே: அந்தத் தமிழை எழுதுவது எந்த விரல்?

மழைக்காலம் அது. நாகர்கோவிலில் தோழி ஒருத்தியின் திருமணம். அழகு நிலையத்துக்குச் செல்லக் கையில் பணமில்லை. சாலைக் கடைத்தெருவில் சிறு கருவிப்பெட்டி ஒன்று வாங்கினேன். வெட்டுவது, கிள்ளுவது, சுரண்டுவது, தேய்ப்பது என்று அதனுள் பத்துக் கருவிகள்! பத்தையும் பயன்படுத்தினால்தானே கொடுத்த காசுக்குப் பலன்? கைப்பேசியில் ஓர் அம்மையார் செய்துகாட்டியதைப் பார்த்தபடியே, நகத்தின் அடியில் பிறைபோல் படிந்திருக்கும் மெல்லிய தோலை நறுக்கி எடுத்தேன். குதிகால் வெடிப்பைப் பிளேடால் சீவினேன். கையும் காலும் பளபளத்தன. மறுநாள் தம்பானூரில் தேங்கிய மழைநீரில் கால் நனைய நடந்து ரயிலேறினேன்.

மூன்றாம் நாள் விரல் சிவந்தது. ஐந்தாம் நாள் சீழ் கட்டியது. 'விரலுக்குத் தகுந்த வீக்கம்' என்பார்கள். என் வீக்கமோ விரலை மிஞ்சியது. விடுதித் தோழியர் எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகிவிட்டனர். குளிர்ச்சியாகத்தான் இருந்தது, சீழ் வற்றவில்லை. முடிவில் மருத்துவர் கீறி அதை வெளியேற்றினார். அடுத்த வாரம் தேர்வு. பேனா பிடிக்க முடியாமல் ஒரு தாளை எழுதாமலே விட்டேன்.

மருத்துவர் சொன்ன விளக்கம் எளியது. நகத்தடியில் உள்ள அந்தத் தோல் அழுக்கன்று, அழகுக்குக் கேடுமன்று. நகத்துக்கும் சதைக்கும் இடையே நீரும் கிருமியும் நுழையாதபடி இயற்கை வைத்த முத்திரை அது. அதை அறுத்தால் வருவதே நகச்சுற்று. கிழக்கே கோட்டையை நாள்தோறும் கடந்து செல்லும் நமக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா? மதிலை நாமே இடித்துவிட்டு, பகைவன் புகுந்துவிட்டான் என்று புலம்புவதில் பொருளில்லை.

அவர் அடுத்துக் கேட்டது என் கால்களைப் பற்றி. தேங்கிய நீரில் நடந்தேன் என்றதும் முகம் மாறினார். இந்நகரச் சுவர்களில் 'எலிப்பனி' என்ற எச்சரிக்கையை நீங்களும் கண்டிருப்பீர்கள். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தபோது, அது ஏதோ மார்கழிப் பனி என்று நான் எண்ணியதுண்டு! மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். எலி முதலிய விலங்குகளின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து, தோலில் உள்ள கீறல் வழியே புகும் நோய் அது. முற்றினால் சிறுநீரகத்தையும் ஈரலையும் தாக்கி உயிரையும் கொள்ளும். 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தின்போது, நீரில் இறங்கியோருக்கு நலவாழ்வுத் துறை டாக்சிசைக்கிளின் மாத்திரை வழங்கியது இதற்காகவே. தம்பானூரின் வெள்ளத்தை வடிக்க 2015-இல் 'ஆபரேஷன் அனந்தா' என்று திட்டமிட்டு ஓடைகளைச் சீர்செய்ய முற்பட்டார்கள். என்றாலும் பெருமழை கொட்டினால் நீர் தேங்கத்தான் செய்கிறது. அந்த நீருக்கு நானே பிளேடால் வாயில் திறந்து வைத்தேன்!

"அழகு நிலையத்துக்கே போயிருக்கலாமே" என்பீர்கள். அங்கும் விதி ஒன்றுதான். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஒரே நிலையத்தில் கால் அழகு செய்துகொண்ட நூற்றுக்கு மேற்பட்டோருக்குக் காலில் கொப்புளங்கள் தோன்றின. கால் ஊறவைக்கும் தொட்டியைச் சரிவரத் துலக்காததால் அதில் கிருமி பெருகியிருந்தது. வருமுன் காலில் மயிர் மழித்திருந்தோரே மிகுதியும் பாதிக்கப்பட்டனர். அழுக்கு நீரும் சிறு கீறலும் சேர்ந்தால், இடம் எதுவானாலும் முடிவு ஒன்றே.

ஆகவே வீட்டில் செய்துகொள்வதை நான் வெறுக்கவில்லை, வரவேற்கிறேன். நம் கருவி நம்மிடமே இருக்கும். நம் தொட்டியை நாமே கழுவலாம். ஆனால் பத்துக் கருவி வேண்டா. நகவெட்டி, அரம், குதிகால் தேய்க்கும் கல், தேங்காய் எண்ணெய் ஆகிய நான்கும் போதும். நகவெட்டியைச் சோப்பால் கழுவி, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். விடுதி அறை முழுவதற்கும் ஒரே நகவெட்டி என்னும் பொதுவுடைமையை இந்த ஒன்றில் மட்டும் கைவிடுங்கள்! இளஞ்சூடான நீரில் ஐந்து நிமிடம் கைகால்களை ஊறவிடுங்கள். கால் நகத்தை நேராக வெட்டுங்கள். ஓரங்களைத் தோண்டினால் நகம் சதைக்குள் வளரும். நகத்தடித் தோலைத் தொடாதீர்கள். எண்ணெய் மட்டும் தடவுங்கள். பித்தவெடிப்பைக் கல்லால் மெல்லத் தேயுங்கள். ஒரே நாளில் கரைத்துவிட எண்ணாதீர்கள். பிறகு கால்விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். இம்மழை நாட்டில் சேற்றுப்புண்ணுக்கு அந்த ஈரமே தாய்வீடு. நகப்பூச்சைக் கரைக்கும் நீர்மம் எளிதில் தீப்பற்றும். விளக்கும் அடுப்பும் இல்லாத இடத்தில் திறவுங்கள்.

தோழர்களுக்கும் ஒரு சொல். இது பெண்களின் வேலை என்று பக்கத்தைப் புரட்டாதீர்கள். நீரிழிவு உள்ள தந்தையோ தாயோ உங்கள் வீட்டில் இருக்கக்கூடும். அந்நோயால் காலில் உணர்ச்சி குன்றியிருந்தால், கொதிநீரின் சூடும் தெரியாது. வெட்டுப்பட்ட வலியும் தெரியாது. புண்ணும் எளிதில் ஆறாது. அவர்கள் காலுக்கு இந்த வீட்டு முறை போதாது. மருத்துவரின் அறிவுரை வேண்டும். ஆனால் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது அவர்கள் பாதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். காலைத் தொட்டு வணங்குகிறோமே, அந்தக் காலில் புண் இருக்கிறதா என்று பார்ப்பதும் வணக்கமே.

இரவில் நகம் வெட்டாதே என்பார் என் பாட்டி. குடும்பத்துக்கு ஆகாது என்று அதற்குக் காரணமும் சொல்வார். அகல் விளக்கில் நகம் எது, சதை எது என்று தெரியாது என்பதே உண்மைக் காரணமாக இருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். பாட்டியின் காரணத்தை விட்டுவிட்டேன், கருத்தைப் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில், விடுதித் திண்ணையில், நல்ல வெளிச்சத்தில்தான் இப்போது நகம் வெட்டுகிறேன். பெட்டியில் இருந்த மற்றக் கருவிகளைத் தூக்கியெறிந்தேன். 'நகத்தால் கிள்ளுவதற்குக் கோடரி எதற்கு' என்று சொன்ன மக்கள், நகத்தை வெட்டவும் கோடரி வேண்டா என்பதை அறியாதவர்களா?

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். கெட்டுப்போன என் நகம் முழுதும் புதிதாக ஆறு மாதம் ஆயிற்று. எழுதாமல் விட்ட தாளை இப்பருவத்தில் எழுதினேன். நகமும் சதையும் ஒன்றாயிருக்கட்டும், தோழியரே! அழகு தானே வரும்.