பகிர்வு என்ற பெயரில்

கொஞ்ச காலமாக ஒரு புதிய மந்திரம் ஓதப்பட்டு வருகிறது. "பகிர்வுப் பொருளாதாரம்" என்று அதற்குப் பெயர். கம்பெனி அதிபர்களும், அவர்களுக்கு ஆலோசனை சொல்லும் நிபுணர்களும், சர்க்கார் அதிகாரிகளும் மாநாடு கூட்டி அதைப் புகழ்கிறார்கள். உலகம் சூடேறுகிறது, மழை காலம் தப்பிப் பெய்கிறது, மண்ணும் நீரும் கெடுகின்றன. இதற்கெல்லாம் மருந்து, ஒருவர் பொருளைப் பலரும் பயன்படுத்துவதுதான் என்கிறார்கள். 2015-ல் ஐக்கிய நாடுகள் சபை 17 இலக்குகளை வகுத்து, 2030-க்குள் அவற்றை எட்ட வேண்டும் என்றது. அந்த "நீடித்த வளர்ச்சி"க்கு இதுவே நல்ல வழி என்பது இவர்களுடைய வாதம்.

வாதத்தை எடுத்த எடுப்பில் தள்ளிவிட வேண்டியதில்லை. ஒரு கார் நாளில் பெரும்பொழுது சும்மாதான் நிற்கிறது. அதை நாலு குடும்பம் பயன்படுத்தினால் நாலு கார் செய்ய வேண்டாம். இரும்பு மிச்சம், எண்ணெய் மிச்சம், புகையும் குறைவு. இதில் தவறு என்ன? ஒன்றுமில்லை. மண்வெட்டியையும் ஏணியையும் இரவல் வாங்கியே காலம் தள்ளிய ஜனங்களுக்கு இதைப் பாடம் சொல்ல யாரும் வரவேண்டியதுமில்லை.

நம்முடைய கேள்வி வேறு. பொருள் யாருக்குச் சொந்தம்? வாடகையை நிர்ணயிப்பவன் யார்? லாபம் எவன் பைக்குப் போகிறது?

கோவையில் ஒரு பஞ்சாலைத் தொழிலாளியின் வீட்டைப் பாருங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கின்போது அடைக்கப்பட்ட தேசிய பஞ்சாலைக் கழக மில்களின் கதவுகள் ஆண்டுக்கணக்கில் திறக்கப்படவில்லை. அப்பா மில் சங்கு கேட்டு ஓடியவர். மகன் கைபேசி மணி கேட்டு ஓட்டல் வாசலுக்கு ஓடுகிறான். பைக் அவனுடையது, அதன் தவணையும் அவனுடையது. பெட்ரோல், டயர், கைபேசி எல்லாம் அவன் செலவு. விழுந்தால் முறிகிற காலும் அவனுடையதே. கம்பெனிக்குச் சொந்தம் ஒரு செயலி மட்டும். எந்த ஆர்டர் யாருக்கு, கூலி எவ்வளவு, யாரை நிறுத்துவது என்பதையெல்லாம் அது தீர்மானிக்கிறது. மெமோ கிடையாது, விசாரணை கிடையாது. "ஐ.டி. முடக்கப்பட்டது" என்று திரையில் ஒரு வரி வரும், அத்தோடு வேலை போயிற்று.

பழைய மில் முதலாளி நம்மைச் சுரண்டினான் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் கதிரையும் தறியையும் அவன்தான் வாங்கிப் போட்டான். இந்தப் புது முதலாளி தறியையே தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டான். தறிக்கு வாங்கிய கடன் தொழிலாளிக்கு, நெசவின் லாபம் கம்பெனிக்கு! இதற்குப் பகிர்வு என்று பெயர். போதாததற்குத் தொழிலாளிக்குப் "பங்காளி" என்று பட்டமும் சூட்டுகிறார்கள். நம் ஊரில் பங்காளி என்றால் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போடலாம். இந்தப் பங்காளிக்குப் பங்கும் இல்லை, வழக்குப் போட வழியும் சுலபமில்லை.

இது நாலைந்து பையன்களின் பிரச்னையும் அல்ல. நிதி ஆயோக் 2022-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21-ல் இப்படி உழைத்தவர்கள் 77 லட்சம் பேர். 2029-30-ல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்று அதே அறிக்கை கூறுகிறது. பிரிட்டனின் உச்சநீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் டிரைவர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. இங்கேயோ, 2020-ல் நிறைவேற்றி 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இவர்களை வழக்கமான முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நிற்பவர்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. கம்பெனிகள் வருவாயில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் நிதி கட்டினால் போதுமாம்!

சரி, தொழிலாளிக்குத்தான் நஷ்டம். பூமிக்காவது லாபம் உண்டா?

அமெரிக்காவில் "அக்கறைகொண்ட விஞ்ஞானிகள் சங்கம்" என்ற ஸ்தாபனம் 2020-ல் இதைக் கணக்கிட்டது. செயலி மூலம் அழைக்கும் கார் சவாரி, அது எந்தப் பயணத்துக்குப் பதிலாக வந்ததோ அதைவிடச் சராசரியாக 69 சதவீதம் அதிகமாக வெப்ப வாயுவைக் கக்குகிறது என்று கண்டது. காரணம் எளிது. அடுத்த சவாரியைத் தேடி வண்டி காலியாக ஓடுகிறது. அதோடு, பஸ்ஸில் போகிறவரும் நடந்து போகிறவரும்கூடக் காரில் ஏறிவிடுகிறார்கள்.

மின்சார வண்டி வந்தால் புகை குறையாதா என்பார்கள். குறையும். 2025-26 பட்ஜெட்டில் தமிழக அரசு இத்தகைய தொழிலாளர்கள் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தது. வரவேற்கிறோம். ஆனால் மானியம் மக்கள் வரிப்பணம், மிச்சத் தொகை தொழிலாளியின் கடன். அந்த ஸ்கூட்டரை வைத்துத் தொழில் நடத்தும் கம்பெனி போட்ட முதல் எவ்வளவு?

சீனாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். அங்கெல்லாம் இப்படி நடக்காது என்று நினைக்கும் தோழர்கள் அவசியம் கவனிக்க வேண்டும். 2014-ல் பெய்ஜிங்கில் பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் "ஓஃபோ" என்ற வாடகை சைக்கிள் கம்பெனியைத் துவக்கினார்கள். நல்ல யோசனைதான். பிறகு பெருமுதலீட்டாளர்களின் பணம் வெள்ளமாகப் பாய்ந்தது. போட்டிக் கம்பெனிகள் முளைத்தன. எதிரியை வீழ்த்தி ஏகபோகம் பெற வேண்டும் என்று ஒவ்வொரு கம்பெனியும் தேவைக்கு மேல் லட்சக்கணக்கில் சைக்கிள்களை வீதியில் இறக்கியது. பண்டங்களைக் குறைக்க வந்த பகிர்வு, பண்டங்களைப் பெருக்கியது! நடைபாதைகள் அடைபட்டன. கடைசியில் புதுச் சைக்கிள்கள்கூட நகரங்களுக்கு வெளியே மலைமலையாகக் குவிந்து துருப்பிடித்தன. 2018 டிசம்பரில் ஓஃபோ ஆபீஸ் வாசலில் ஜனங்கள் டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டுக் குளிரில் வரிசையாக நின்றார்கள். பணம் கேட்டுக் காத்திருந்தவர் தொகை ஒரு கோடிக்கும் மேல். நம் கோவைக்கும் 2018-ல் இந்தக் கம்பெனி வந்தது. அதே ஆண்டில் மூட்டை கட்டியது.

அதே சீனாவில் ஹாங்சௌ நகரம் 2008-லேயே பொதுச் சைக்கிள்களை விட்டது. நடத்தியது நகரப் பொதுப் போக்குவரத்து நிறுவனம். எடுக்கவும் விடவும் நிலையங்கள் உண்டு. முதல் ஒரு மணி நேரத்துக்கு வாடகை கிடையாது. அங்கே சைக்கிள் பஸ்ஸோடு போட்டி போடவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீடு போய்ச் சேர உதவியது. யோசனை ஒன்றுதான், சொந்தக்காரர் வேறு. பலனும் வேறாயிற்று.

யோசித்துப் பார்த்தால் நம்மிடமே பெரிய பகிர்வு இருக்கிறது. டவுன் பஸ் என்பது என்ன? ஐம்பது பேர் ஒரு வண்டியைப் பகிர்ந்துகொள்வதுதான். 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் அதில் காசில்லாமல் போகிறார்கள். வேலைக்குப் போகும் கூலிப் பெண்ணின் கையில் அந்தக் காசு நிற்கிறது. 1948-ல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவில் முதலாவது. ஒரு புத்தகத்தை நூறு பேர் படிக்க அது வழி செய்தது. எந்த மாநாட்டிலும் இவற்றைப் பகிர்வுப் பொருளாதாரம் என்று யாரும் புகழ்வதில்லை. லாபம் வராத பகிர்வு அவர்கள் கண்ணில் படாது போலும்!

இனி கிராமத்துக்கு வருவோம். ஐந்து ஏக்கர்க்காரர் ஆளுக்கொரு டிராக்டர் வாங்கினால் கடனில் முழுக வேண்டியதுதான். மிஷின்களை வாடகைக்கு விடும் மையங்கள் தேவை. வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடுகிறது; மத்திய அரசும் 2014-15 முதல் தனித் திட்டம் வைத்து இத்தகைய மையங்களுக்கு மானியம் தருகிறது. ஆனால் அறுவடை நேரத்தில் நடப்பது என்ன? ஒரே வாரத்தில் ஊரெல்லாம் கதிர் சாய்கிறது. சர்க்கார் மிஷின் எண்ணிக்கை போதாது. வெளியூர் பெல்ட் வண்டிக்குப் புரோக்கரிடம் கையேந்த வேண்டும். வானம் கருத்தால் மணி வாடகை ஏறுகிறது. மழை பெய்தால் செயலிக் கம்பெனி கட்டணத்தை உயர்த்துகிறதே, அதையே இவர் செயலி இல்லாமல் செய்கிறார்.

விவசாயத் தொழிலாளியின் நிலை என்ன? மிஷின் வந்தபின் அறுவடைக் கூலி போயிற்று. மிஷின் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குனிந்து அறுத்து முதுகு ஒடிந்தவர்களுக்கு அந்த வேலையின் மீது மோகம் ஒன்றுமில்லை. மிஷினில் அவர்களுக்கும் பங்கு வேண்டும் என்கிறோம். அறுவடைக் கூலி இழந்தவர்களின் கூட்டுறவுச் சங்கத்துக்கே மிஷினும் மானியமும் தந்தால், வாடகை ஊரிலேயே தங்கும். ஓட்டுகிற வேலை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

"அந்தக் காலத்தில் குடிமராமத்து இருந்ததே, ஊரே கூடி ஏரியைக் காத்ததே" என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். ஏரியைக் காத்தது உண்மை. வண்டல் சுமந்தவன் யார், மடை நீர் முதலில் பாய்ந்தது யார் வயலில்? சேரியிலிருந்து வந்து சேறு சுமந்தவனுக்குப் பாய்ச்ச ஒரு குழி நிலம் கிடையாது. 1858-ல் வெள்ளையன் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். வேலையைப் பகிர்ந்து, நிலத்தைப் பகிராத அந்தப் பழைய ஏற்பாட்டுக்குத் திரும்ப நமக்கு ஆசையில்லை.

தொழிலாளி சொந்தமாக நடத்த முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்தியன் காபி ஹவுஸ் பதில் சொல்லும். காபி போர்டு தன் கடைகளை மூடியபோது, தோழர் ஏ.கே. கோபாலன் வழிகாட்ட, 1957-58-ல் வேலையிழந்த தொழிலாளர்கள் கூட்டுறவாக அவற்றை எடுத்து நடத்தினார்கள். இன்றும் நடக்கின்றன. கேரள அரசு 2022 ஆகஸ்டில் "கேரள சவாரி" என்ற டாக்சிச் செயலியைத் துவக்கியது. சேவைக் கட்டணம் 8 சதவீதம் மட்டுமே என்றது. அது உடனே வெற்றி பெற்றுவிடவில்லை. வண்டிகள் போதவில்லை, செயலி தடுமாறியது, திருத்தி அமைக்க வேண்டியிருந்தது. பெருமுதலீடு இல்லாமல் தனியாரோடு மல்லுக்கட்டுவது எளிதல்ல. அதை மறைத்துப் பேசினால் நாளை நம் பிள்ளைகள்தான் ஏமாறுவார்கள்.

ஆகவே நாம் கேட்பவை இவை. செயலிக் கம்பெனியில் உழைப்பவர் தொழிலாளி என்று சட்டத்தில் எழுத வேண்டும். கூலிக் கணக்கை அவர் பார்க்கவும், நீக்கத்தை எதிர்த்து முறையிடவும் உரிமை வேண்டும். தமிழகத்தில் 2023 டிசம்பரில் அமைந்த நலவாரியத்துக்குக் கம்பெனிகளிடமிருந்து நிதி வசூலிக்க வேண்டும். பஸ்களைக் கூட்ட வேண்டும். மிஷின் வாடகைக்கு உச்சவரம்பும், விவசாயத் தொழிலாளர் கூட்டுறவுக்கு முதல் உரிமையும் வேண்டும்.

சம்பா அறுவடைக்கு முன் ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் எத்தனை அறுவடை மிஷின் வருகிறது, யாருடையது, மணிக்கு என்ன வாடகை, எத்தனை பேர் அறுவடைக் கூலி இழந்தார்கள் என்று கணக்கெடுத்து நமக்கு எழுத வேண்டும். அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டுதான் கலெக்டர் ஆபீஸுக்குப் போக வேண்டியிருக்கிறது.