வல்லாரைக்கு 'சிகா'ன்னு பேர் வச்சாதான் மதிப்பா?

கொரியாவுல இருந்து வர்ற 'சிகா' க்ரீம் இப்போ நம்ம ஹாஸ்டல்ல செம ஃபேமஸ். டியூபைத் திருப்பி, பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிச்சுப் பாருங்க. சென்டெல்லா ஆசியாட்டிகான்னு இருக்கும். ஞாபக சக்திக்கு நல்லதுன்னு வீட்ல துவையல் அரைச்சுக் கொடுப்பாங்களே, அதே வல்லாரைக் கீரைதான்!

உடனே "நம்ம முன்னோர்கள் அப்பவே சொன்னாங்க"ன்னு ஸ்டேட்டஸ் போடத் தோணும். போடுங்க, தப்பில்ல. ஆனா அதோட நிறுத்திட்டா நாம இன்ஜினியரிங் படிச்சு என்ன பிரயோஜனம்?

கான்க்ரீட்டுக்குக் கம்பி எப்படியோ, தோலுக்குக் கொலாஜன் அப்படி. வல்லாரையில் உள்ள ஆசியாட்டிகோசைடு போன்ற சேர்மங்கள், கொலாஜனைத் தயாரிக்கும் செல்களைத் தூண்டுவது ஆய்வகச் சோதனைகளில் தெரிந்திருக்கிறது. க்ரீம் கம்பெனிக்காரங்க அந்தச் சாறைப் பிரிச்சு, அளந்து, கிருமி இல்லாம கலந்து விக்கிறாங்க. நாம அம்மியில அரைக்கிற இலையில அது எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்?

அதனால பைக்ல இருந்து விழுந்து தோல் வழண்ட இடத்துல பச்சிலையை அரைச்சு அப்பாதீங்க. இலையோட மண்ணும் கிருமியும் சேர்ந்து புண்ணுக்குள்ள போகும். ஓடுற தண்ணியில கழுவிட்டு டாக்டரைப் பாருங்க.

மஞ்சள் கதை ஞாபகம் இருக்கா? காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துட்டாங்க. நம்ம சி.எஸ்.ஐ.ஆர். அதை எதிர்த்தது. 1997-ல் காப்புரிமை ரத்தாச்சு. "எங்க பாட்டி சொன்னாங்க"ன்னு வாயால சொல்லி ஜெயிக்கல. பழைய நூல்களையும், 1953-ல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த கட்டுரையையும் எடுத்து வச்சுதான் ஜெயிச்சாங்க. யாரோ உட்கார்ந்து எழுதி வச்சது, பல வருஷம் கழிச்சு உதவியிருக்கு.

இப்போ நம்ம முறை. பயோடெக், கெமிக்கல் மக்களே, ப்ராஜெக்டுக்கு டாபிக் தேடி அலையுறீங்களா? உழவர் சந்தையில ஒரு கட்டு வல்லாரை வாங்குங்க. அதுல ஆசியாட்டிகோசைடு எவ்வளவு இருக்கு, வெயில் காலத்துல குறையுதா, நிழல்ல உலர்த்தினா என்ன ஆகுதுன்னு எச்.பி.எல்.சி.ல போட்டு அளந்து பாருங்க. சீனியர் ரிப்போர்ட்டை அட்டை மாத்திக் கொடுக்கிறதுக்கு இது எவ்வளவோ மேல். ரிசல்ட் நாம நினைச்ச மாதிரி வரலைன்னாலும் அப்படியே எழுதுங்க. பாட்டி வைத்தியத்துக்கு நாம கொடுக்கிற உண்மையான மரியாதை அதுதான்.