கியரும் கௌரவமும்

கார் வாங்கப்போவதாக ஒருவர் வாய்திறந்ததும் உற்றார் கேட்கும் முதற் கேள்வி, "ஓட்டோவா, மனுவலா?" என்பதே. முச்சக்கரவண்டியையும் ஓட்டோ என்றே பலரும் வழங்குவதால் ஒரு விளக்கம் வேண்டும். இங்கே ஓட்டோ என்றது கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் தன்னியக்கக் காரை. மனுவல் என்றது கிளச்சை மிதித்துக் கையாற் கியர் மாற்றும் காரை. ஓட்டோ என்று விடை வந்துவிட்டால் கேட்டவர் முகத்தில் மெல்லிய இளநகையொன்று தோன்றும். "அதுவும் நல்லதுதான், வீட்டிலை பொம்பிளையளும் ஓடலாம்" என்று ஆறுதல் கூறுவார். ஆறுதல் என்ற போர்வையில் அவர் வழங்குவது ஒரு தீர்ப்பு. கிளச் மிதிப்பவனே சாரதி, ஏனையோர் காருக்குள் அமர்ந்து செல்வோர் என்பது அத்தீர்ப்பின் சாரம். சேமிப்பையும் வங்கிக் கடனையும் கூட்டிச் சிறிய காரொன்றை வாங்க முனையும் ஆசிரியர்களும் உத்தியோகத்தரும் இந்த இளநகைக்கு அஞ்சித் தமக்குப் பொருந்தாத வண்டியைத் தெரிந்துவிடுவதைக் காண்கிறோம். ஆதலின் இதனைச் சற்று ஆராய்வது வீண்வேலையாகாது.

சாரதி என்பது தேர்ப்பாகனுக்குரிய பழஞ்சொல். கண்ணன் பார்த்தனுக்குச் சாரதியானான். நளன் வாகுகன் என்னும் பெயரோடு மறைந்திருந்து இருதுபன்னனுக்குத் தேரோட்டினான். அவனை இன்னான் என்று தமயந்தி ஐயுறுதற்கு அவன் தேர் செலுத்திய திறமும் ஒரு காரணமாயிற்று. குதிரையின் மனமறிந்து கடிவாளம் பிடித்த அந்த வித்தையின் எச்சத்தைத்தான் நம்மவர் கிளச்சிலும் கியர்த்தண்டிலும் காண்கின்றனர் போலும். அப்படிக் காண்பதற்கு முற்காலத்தில் நியாயமும் இருந்தது. பற்சில்லுகளின் வேகத்தைத் தாமே ஒப்பச்செய்யும் அமைப்பு 1928ஆம் ஆண்டிலேதான் கடிலாக் கார்களில் முதன்முதல் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கியருக்கும் கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் ஒலியைக் காதாற் கேட்டு அளந்து மாற்றவேண்டியிருந்தது. நம் நாட்டு வீதிகளில் இன்னும் அங்குமிங்கும் தென்படும் மொறிஸ் மைனரிற்கூட முதலாங் கியருக்கு அவ்வமைப்பு இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை அதற்குள் தள்ளினாற் பற்கள் நெரிபடும் ஓசை தெருமுனை வரை கேட்கும். அந்த ஓசை எழாமல் ஓட்டியவன் வித்தைக்காரன் என்பதை மறுப்பாரில்லை.

மனுவலின் பெருமைக்கு வடபுலத்தார் இன்னுமொரு சாட்சி கூறுவர். 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றரியும் வருவது தடைப்பட்டது. அக்காலத்தில் பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலால் எஞ்சினை உயிர்ப்பித்துப் பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பற்றரி செத்த காரை நால்வர் தள்ள, சாரதி இரண்டாங் கியரைப் போட்டுக் கிளச்சைச் சட்டென விடுவார். சில்லுகளின் சுழற்சி எஞ்சினைத் திருப்பும். கார் புகை கக்கிக்கொண்டு புறப்படும். நோயாளிகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இவ்வாறே வைத்தியசாலை போய்ச் சேர்ந்தனர். இன்றைய தன்னியக்கக் கார்களுட் பெரும்பாலானவற்றை இப்படித் தள்ளி இயக்க இயலாது. எஞ்சின் ஓடி, அதனோடு பொருந்திய பம்பி ஒயிலை அழுத்தினாலன்றி அவற்றின் கியர்ப்பெட்டி பிடிகொள்ளாது. அந்நாட்களை வாழ்ந்து கடந்தவர் மனுவலை விட மனமின்றி இருப்பாராயின் அதைப் பழமைப்பற்று என்று ஒதுக்குவது தகாது.

நிற்க. ஒரு காலத்தின் தேவை மறுகாலத்தின் பெருமிதமாக உறைந்துவிடும்போது அதனால் விலக்கப்படுவோர் யார் என்று பார்க்கவேண்டும். நாற்பது வயதிற் கார் பழகத் துணியும் ஆசிரியை, ஏற்றத்திற் கார் பின்வாங்குமோ என்ற ஒரேயொரு அச்சத்தினால் அம்முயற்சியையே கைவிடுகிறார். முழங்கால் தேய்ந்த முதியவர் வெள்ளவத்தைக் காலி வீதியில் மாலை ஐந்து மணிக்கு நூறு யார் நகர்வதற்குள் கிளச்சை எத்தனை முறை மிதிக்கிறார் என்பதை எண்ணிப்பார்த்தால் இரக்கம் பிறக்கும். வடக்கிலும் கிழக்கிலும் போரிலும் மிதிவெடியிலும் கால் இழந்தோர் பல்லாயிரவர். இடக்கால் இழந்த ஒருவருக்குத் தன்னியக்கக் கார் ஆடம்பரப் பொருளா? வலக்கால் ஒன்றினாலேயே அவர் அதனைச் செவ்வனே செலுத்தலாம். பிறர் தயவின்றித் தொழிலுக்குப் போய்வருவதற்கு அவருக்குள்ள வழி அதுவே. "பொம்பிளையளும் ஓடலாம்" என்று நகைப்பவர் இவர்களையெல்லாம் ஒருங்கே நகைக்கிறார்.

தன்னியக்கக் கியர் நேற்றைய விளையாட்டுப்பொருளுமன்று. ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் 1939இல் ஹைட்ராமற்றிக் என்னும் கியர்ப்பெட்டியை அறிமுகஞ்செய்தது. ஆயினும் அது பெரிய எஞ்சினுக்கே தாங்கும். சிறிய காருக்கென்று சிந்தித்தவர்கள் ஒல்லாந்தர். டாவ் நிறுவனம் 1958இற் காட்சிக்கு வைத்த சிறு காரிற் பற்சில்லுக் கியர்களுக்குப் பதிலாக இறப்பர்ப் பட்டிகள் விட்டம் மாறும் கப்பிகளின்மேல் ஓடின. அக்கார் முன்னோக்கிச் செல்லும் வேகத்திலேயே பின்னோக்கியும் செல்லவல்லது. ஒல்லாந்தர் அதை வைத்துப் பின்னோட்டப் பந்தயமே நடத்தி மகிழ்ந்தனர்! இன்று யப்பானிலிருந்து வரும் சிறிய கார்களுட் பெரும்பாலானவை அதே தத்துவத்தில், இறப்பருக்குப் பதிலாக உருக்குப் பட்டியோடு இயங்குவன. யப்பானியர் 1991ஆம் ஆண்டிலேயே தன்னியக்கக் கார்களுக்கு மட்டுமான சாரதி அனுமதிப்பத்திரத்தை ஏற்படுத்திவிட்டனர். அவர்கள் ஓட்டிக் கழித்த கார்களையே நாம் பெரிதும் வாங்குகிறோமாதலின், நமது தெரிவிற் பாதியை அவர்களே செய்துமுடித்துவிட்டார்கள் எனலாம்.

ஓட்டோ என்ற ஒரே பெயருக்குள் வெவ்வேறு இயந்திரங்கள் ஒளிந்திருப்பதை வாங்குவோர் பலர் அறியார். ஒயிலின் சுழற்சியாற் சக்தியைக் கடத்தும் பழைய வகை முரடானது. பெற்றோலைச் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். பழுதின்றி நெடுநாள் உழைக்கும். பட்டி வகை வழுவழுப்பாக ஓடும். ஆனால் அதற்கெனக் குறித்த ஒயிலைக் காலந்தவறாது மாற்றாவிடின், அல்லது மலிவென்று வேறு ஒயிலை ஊற்றினால், பட்டியும் கப்பியும் உராய்ந்து கெடும். இரட்டைக் கிளச் வகையொன்றும் உண்டு. 2013இல் வெளிவந்த ஹொண்டா பிற் ஹைபிரிட் கார் இவ்வகைக் கியர்ப்பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காக அடுத்த சில மாதங்களுள் ஒருமுறைக்கு மேல் மீள அழைக்கப்பட்டது. விரைவும் சிக்கனமும் வேண்டிக் கண்டுபிடிக்கப்பட்ட நுட்பம், நெரிசலில் ஊர்ந்து செல்லும் நகரங்களிற் சூடேறித் துன்பப்படுவதைக் கண்டோம்.

நான்காவது வகை நமக்கு அண்மையிலுள்ளது. 2014இல் இந்தியாவில் மாருதி செலேரியோ காரோடு பரவத் தொடங்கிய இதில் இருப்பது சாதாரண மனுவல் கியர்ப்பெட்டியே. கிளச்சை மிதிக்கும் காலும் கியரை மாற்றும் கையும் மாத்திரம் மின்கணினியின் ஏவலுக்குட்பட்ட சிறு கருவிகள். விலை மலிவு, பெற்றோற் சிக்கனம் மனுவலுக்கு ஒப்பானது, ஊர்க் கராஜில் வேலை செய்பவருக்கும் இதன் உள்ளுறுப்புக்களிற் பாதியாவது விளங்கும். குறை என்னவெனில், கியர் மாறும் ஒவ்வொரு முறையும் தலை முன்னே சாயும் அளவுக்கு ஒரு தயக்கம். வளைவின் நடுவே அத்தயக்கம் நேர்ந்தால் ஓட்டுபவர் எரிச்சலடைவார். ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கையிற் கைப்பிரேக்கைப் பயன்படுத்தாவிடின் பின்னே உருளவும் கூடும்.

ஏற்றம் என்றதும் மலைநாட்டின் நினைவு வருகிறது. இந்த விவாதம் உயிரோடு தொடர்புபடும் இடம் அதுதான். கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக நுவரெலியா செல்வோர் ஏறுவதைப் பற்றியே கவலைப்படுகின்றனர். ஆபத்து இருப்பதோ இறக்கத்தில். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 1,300 மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி, நாற்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. காற்றும் ரயர்களும் விழுங்கியது போக எஞ்சிய வெப்பம் எங்கேயாவது போய்த்தானே தீரவேண்டும்? பிரேக்கையே மிதித்துக்கொண்டு இறங்கினால் அவ்வெப்பம் முழுவதும் அதன் தகடுகளிற் சேரும். முதலில் எரிந்த நாற்றம் வரும். பின் பிரேக்கின் பிடி தளரும். இறுதியிற் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழிவிட, மிதித்த கால் அடிவரை சென்று தட்டும். இதனைத் தவிர்ப்பதற்கே "எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு" என்று பழைய சாரதிகள் சொல்லிவைத்தனர். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

மனுவல் ஓட்டுபவர் இதனைப் பயிற்சியாற் கற்றிருக்கிறார். தன்னியக்கக் கார் ஓட்டுபவரோ பெரும்பாலும் டி என்ற எழுத்தில் தண்டை வைத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நம்புகிறார். டியில் இறங்கும் கார், பெற்றோலை மிச்சப்படுத்தும் எண்ணத்தோடு உயர்ந்த கியருக்குப் போய்விடக்கூடும். எஞ்சினின் பிடி அற்றுவிடும். அதே தண்டிற்குக் கீழே எல் என்றோ எஸ் என்றோ பி என்றோ இன்னோர் எழுத்து இருக்கிறது. அது இறக்கத்துக்கானது என்பதைப் பழக்குபவர் சொல்லிக்கொடுப்பதில்லை, விற்பவரும் சொல்வதில்லை, காரோடு வந்த கைந்நூல் யப்பானிய மொழியில் இருப்பதால் அதுவும் பேசுவதில்லை. ஐந்து நிமிடத்திற் கற்பிக்கக்கூடிய இவ்விஷயம் கற்பிக்கப்படாமலே, கொழும்பிற் பழகிய எத்தனை குடும்பங்கள் ஏப்ரில் விடுமுறைக்கு மலையேறுகின்றன! தன்னியக்கக் கார் ஆபத்தானது என்று கூறுவோருக்கு நான் தரும் மறுமொழி இந்த எழுத்துத்தான்.

இன்னொரு குற்றச்சாட்டு இதனிலும் பாரதூரமானது. இரண்டே மிதிகள் உள்ள காரில் ஒன்றை மற்றதென எண்ணி மிதித்துவிடும் பிழை அது. 2019 ஏப்ரிலில் தோக்கியோவின் இக்கெபுக்குறோவில் 87 வயதான ஒருவர் பிரேக்கென நினைத்து அக்சிலேற்றரை மிதித்ததில் ஒரு தாயும் அவருடைய சிறுமியும் மாண்டனர். மனுவல் காரில் இப்பிழை நேர்வது அரிது; நேரினும் இடக்கால் கிளச்சை மிதித்தாற் கார் வலுவிழந்துவிடும். இக்குற்றச்சாட்டை நான் ஏற்கிறேன். வயது முதிர்ந்தோருக்கே தன்னியக்கம் பெரிதும் உதவுகிறது. அவர்களுக்கே அது இந்த வகையில் ஆபத்தும் ஆகிறது. இதற்கு எளிய விடை என்னிடமில்லை. புதிய கார்களில் வரும், முன்னே சுவர் இருப்பதை உணர்ந்து எஞ்சினை அடக்கும் கருவி இருக்கிறதா என்று முதியவருக்குக் கார் வாங்கும் பிள்ளைகள் நிறத்தைக் கேட்பதற்கு முன் கேட்கவேண்டும்.

பெற்றோற் செலவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 2022இல் ஒரு காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர் என்று அளந்து ஊற்றப்பட்ட நாட்களை மறக்காதவர் அதைப் பற்றிக் கேட்பது இயல்பே. ஆனால் இன்றைய சிறிய கார்களில் இருவகைக்குமிடையே உள்ள வேறுபாடு ஓட்டுபவரின் காலுக்குக் கால் உள்ள வேறுபாட்டிலும் சிறிது. பழுதுபார்ப்பே பெரிய கேள்வி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட கார் இறக்குமதி 2025 பெப்ரவரியிலேதான் மீளத் தொடங்கிற்று. அந்த ஐந்தாண்டுகளிலும் பழைய கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. மனுவலின் கிளச்சுத் தகடு தேய்ந்தால் எந்த ஊர்க் கராஜிலும் ஒரு நாளில் மாற்றிவிடலாம். தன்னியக்கக் கியர்ப்பெட்டி கெட்டால் அதைத் திறக்கத் துணிபவர் சிலரே. பெரும்பாலும் முழுப்பெட்டியையே மாற்றச் சொல்வர். சிறிய காருக்கு அது தாங்கமுடியாத செலவு.

ஆகவே என் அபிப்பிராயத்தைச் சுற்றிவளைக்காது கூறிவிடுகிறேன். பழகுவது மனுவலில், வாங்குவது தன்னியக்கத்தில். கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை என மூவர் ஓட்டும் வீட்டுக்கு, கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வசிப்பவருக்கு இதுவே தகும். வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரையுள்ள ஏறத்தாழ 140 கிலோமீற்றரிற் கியர் மாற்றும் வித்தையைக் காட்டுவதற்கு மேடுமில்லை, பள்ளமுமில்லை. ஹற்றன், பதுளைப் பக்கத்தில் வாழ்ந்து, 660 கன சென்ரிமீற்றர் எஞ்சினில் நால்வரையும் பொதிகளையும் ஏற்றி அன்றாடம் மலையேறுபவர் மாத்திரம் மனுவலையே நாடட்டும். அயலில் நல்ல கராஜ் இல்லாதவருக்கும் அஃதே பொருந்தும். பாவித்த தன்னியக்கக் கார் வாங்குவோர் கியர்ப்பெட்டி ஒயில் எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு எழுத்திற் சான்று கேட்கவேண்டும். சான்று இல்லையாயின், கண்ணாடிபோல் மினுங்கும் காராயினும் விட்டுவிடுக.

மின்சாரக் கார்கள் பெருகினால் இவ்வழக்கே இல்லாது போய்விடும் என்பாருமுளர். உண்மைதான், அவற்றிற் கிளச்சுமில்லை, மாற்றுதற்குரிய கியருமில்லை. ஆனால் மலை அங்கேயே இருக்கிறது. மின்சாரக் காரை இறக்கத்திற் பிடிப்பது அதன் மோட்டார். பிடிக்கும்போது பிறக்கும் மின்சாரம் பற்றரிக்குட் செல்லவேண்டும். நுவரெலியா விடுதியில் இரவு முழுதும் மின்னேற்றிப் பற்றரியை நிறைத்துக்கொண்டு காலையில் றம்பொடை இறங்குபவருக்கு, அம்மின்சாரத்தை ஏற்க இடமின்மையால் முதற் சில மைல்களுக்கு மோட்டாரின் பிடி குறைந்தே இருக்கும். அவர் முந்திய இரவு எண்பது சதவீதத்தில் மின்னேற்றத்தை நிறுத்திவிடுவது நல்லது.