மழைச் செய்தி புரிய வேண்டும்!

டீக்கடையில் ஒருவர் பேப்பரை மடித்து வைக்கிறார்.

"இன்றைக்கு மழை வரும் என்று போட்டிருக்கிறான். வெயில் மண்டையைப் பிளக்கிறது!" என்கிறார்.

பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

ஊருக்கு ஊர் கேட்கும் சிரிப்பு இது. இதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. வானிலைக் கணிப்பு சில நாள் தவறத்தான் செய்கிறது. ஆனால், கணிப்பு சரியாக இருக்கும் நாளிலும் மக்கள் அதைத் தவறு என்று நினைக்கிறார்கள். என்ன காரணம்? அறிக்கையில் வரும் வார்த்தைகளுக்கு என்ன பொருள் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மழைச் செய்தியைக் கேலி செய்து பழகிய காது, புயல் செய்தியையும் கேலியாகவே கேட்கும். அங்கேதான் ஆபத்து இருக்கிறது.

ஓரிரு இடங்கள்

"ஓரிரு இடங்களில் மழை பெய்யலாம்" என்று அறிக்கையில் அடிக்கடி வரும். இதற்கு ஒரு கணக்கு உண்டு.

ஒரு வட்டாரத்தில் 100 இடங்களில் மழையை அளக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அதில் 25 இடங்கள் வரை மழை பெய்தால், அதுதான் "ஓரிரு இடங்கள்". மீதி 75 இடங்களில் வெயில் காய்ந்தாலும் கணிப்பு சரியே. "ஒருசில இடங்கள்" என்றால் 26 முதல் 50 வரை. "அநேக இடங்கள்" என்றால் 51 முதல் 75 வரை. அதற்கு மேல் போனால் "பெரும்பாலான இடங்கள்".

ஆகவே, தன் தெருவில் மழை இல்லை என்பதால் அறிக்கை பொய் ஆகிவிடாது. அதே நேரத்தில் பக்கத்து ஊரில் குடை பிடித்துக்கொண்டு போயிருப்பார்கள்.

எத்தனை குடம்?

"10 சென்டிமீட்டர் மழை" என்கிறார்கள். அது எவ்வளவு தண்ணீர்?

பெய்த மழை ஓடாமல், மண்ணில் இறங்காமல், அப்படியே தேங்கி நின்றால் எவ்வளவு உயரம் நிற்குமோ, அதுதான் அந்த அளவு. 1,000 சதுர அடி மொட்டைமாடியில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால், ஏறக்குறைய 930 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் 62 குடம்! 10 சென்டிமீட்டர் என்றால் 620 குடம்.

இது ஒரு வீட்டுக் கணக்கு. ஒரு தெருவுக்கு எவ்வளவு? ஓர் ஊருக்கு எவ்வளவு? வாய்க்கால் அடைபட்டுக் கிடந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தான் வரும். இந்தக் கணக்குத் தெரிந்த குடும்பம், "கன மழை" என்ற செய்தியைக் கேட்டதும் அரிசி மூட்டையை மேலே ஏற்றி வைத்துவிடும்.

நிறமும் கூண்டும்

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கைக்கு நிறம் சொல்கிறார்கள். மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராக இரு. சிவப்பு என்றால் உடனே செயல்படு. சிவப்பு என்றதும் ஊரே மூழ்கிவிடும் என்று பதறத் தேவை இல்லை. ஆனால், அதன் பிறகு தாமதம் கூடாது.

துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதும் இப்படித்தான். "கூண்டு ஏற்றிவிட்டார்கள்" என்றதும் கடலோர ஊர்களில் பீதி பரவுகிறது. 1-ஆம் எண் கூண்டு, தொலைதூரக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் இருக்கிறது என்று கப்பல்களுக்குச் சொல்லும் சேதி. 8, 9, 10 ஆகியவைதான் பெரிய அபாயத்தைக் காட்டுகின்றன. எண் தெரியாமல் பயப்படுவதும் தவறு. எண் தெரியாமல் அலட்சியமாக இருப்பதும் தவறு.

இன்னொன்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். புயலின் நடுவே "கண்" என்று ஒரு பகுதி உண்டு. அது ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். மழை நிற்கும். "புயல் போய்விட்டது" என்று சிலர் வெளியே வருவார்கள். சிறிது நேரத்தில் எதிர்த்திசையில் இருந்து காற்று மறுபடியும் வெறியோடு வீசும். அது தெரியாமல் வெளியே வந்தவர் கதி என்ன?

தனுஷ்கோடி

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இரவு. தனுஷ்கோடியைப் புயல் தாக்கியது. பாம்பனில் இருந்து போன ரயிலைக் கடல் அலை விழுங்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஊர் அழிந்தது. மறுபடி எழவே இல்லை.

அந்த நாளில் வானில் இருந்து புயலைப் படம் பிடித்து அனுப்ப, இந்தியாவுக்குச் சொந்தமாகச் செயற்கைக்கோள் இல்லை. இன்று இருக்கிறது. கடலோரத்தில் ராடார்கள் இருக்கின்றன. புயல் எங்கே பிறக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சில நாள் முன்பே சொல்லிவிட முடிகிறது.

ஆனால், சொன்னால் மட்டும் போதுமா? ஒடிசா மாநிலம் இதற்குப் பதில் சொல்கிறது.

ஒடிசா காட்டிய வழி

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி ஒடிசாவைப் பெரும் புயல் தாக்கியது. ஏறத்தாழ 10 ஆயிரம் பேர் இறந்தார்கள். புயல் வரும் என்று அப்போதும் சொல்லத்தான் சொன்னார்கள். ஆனால், ஒதுங்குவதற்குப் போதிய இடம் இல்லை.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அங்கே வேலை நடந்தது. கடலோரத்தில் நூற்றுக்கணக்கான புயல் பாதுகாப்பு மாடிகள் எழுந்தன. கிராமத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். எச்சரிக்கை வந்தால் யார் கிழவியைத் தூக்குவது, யார் குழந்தையைத் தூக்குவது, எந்தப் பாதையில் போவது என்று ஒத்திகை நடத்தினார்கள்.

2013-ஆம் ஆண்டு அக்டோபரில் பைலின் புயல் வந்தது. சுமார் 10 லட்சம் பேரைப் பத்திரமான இடங்களுக்குக் கொண்டு போனார்கள். 2019-ஆம் ஆண்டு மே மாதம் ஃபானி புயல் வந்தது. சுமார் 12 லட்சம் பேர் இடம் மாறினார்கள். இரண்டும் கடும் புயல்கள். வீடுகள் விழுந்தன, மரங்கள் சாய்ந்தன. ஆனாலும், ஒடிசாவில் இறந்தவர் தொகை இரண்டு முறையும் நூறைத் தொடவில்லை.

விஞ்ஞானி சொன்னார். கிராமத்துத் தாய் புரிந்துகொண்டாள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். உயிர் தப்பியது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் பயன் இல்லை.

எட்டாத எச்சரிக்கை

2017-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் கன்னியாகுமரி அருகே மிக வேகமாக உருவானது. பல நாள் தங்கி மீன் பிடிக்கும் படகுகள் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. கரையில் சொன்ன எச்சரிக்கை அவர்கள் காதுக்கு எட்டவில்லை. திரும்பி வராத மீனவர் பலர். அவர்களுக்காகக் கரையில் காத்திருந்த குடும்பங்களின் அழுகையை யாரும் மறக்க முடியாது.

எச்சரிக்கை எழுதப்பட்டது என்பது கணக்கில் சேராது. யாருக்குத் தேவையோ அவருக்குக் கிடைத்ததா, புரிந்ததா என்பதுதான் கணக்கு.

என்ன செய்ய வேண்டும்?

வானிலை அறிக்கை எழுதுபவர்கள் மக்கள் பேசும் தமிழில் எழுத வேண்டும். எந்த ஊர், எந்த நேரம், என்ன செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். கணிப்பு தவறினால், ஏன் தவறியது என்று மறுநாளே சொல்ல வேண்டும். தவறை ஒப்புக்கொள்பவர் வார்த்தையைத்தான் மக்கள் நம்புவார்கள்.

ஆழ்கடலுக்குப் போகும் ஒவ்வொரு படகுக்கும் செய்தி எட்டும் கருவி இருக்க வேண்டும். அதைப் பயன்படுத்தும் பயிற்சியும் வேண்டும்.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒரு மழைமானி இருக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள ஒரு டப்பாவும், பிள்ளைகளின் அளவுகோலும் போதும். மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் டப்பாவை வைக்கலாம். இந்தியா முழுவதும் காலை 8.30 மணிக்கு, முந்தின 24 மணி நேர மழையை அளக்கிறார்கள். பிள்ளைகளும் அதே நேரத்தில் அளந்து எழுதி வரலாம். மறுநாள் பேப்பரில் வரும் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இதை வீட்டிலும் செய்யலாம். மழையைத் தன் கையால் அளந்த பிள்ளை, மழைச் செய்தியைக் கேட்டுச் சிரிக்காது. "அப்பா, 10 சென்டிமீட்டர் என்றால் நம் மாடியில் மட்டும் 620 குடம்!" என்று சொல்லும்.

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. புயல் வருவதும் பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். அடுத்த ஐப்பசி வருவதற்குள் ஒவ்வொரு வீடும் இந்தப் பாடத்தைப் படித்துவிட வேண்டும்.