பேட்ச்சின் அடியில் இருக்கும் பெயர்

2025 ஜூனில், விர்ச்சுவல் மெஷின்களை இயக்கும் கியூஎமு திட்டம் தன் பங்களிப்பு விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்தது. ஏஐ கருவிகள் எழுதிய நிரலோ, அதிலிருந்து உருவான நிரலோ இருப்பதாகத் தோன்றும் எந்தப் பேட்ச்சையும் திட்டம் ஏற்காது. அதே ஆண்டு வந்த கிளவுட் ஹைப்பர்வைசர் 48ஆம் பதிப்பும் இப்படியொரு விதியை அறிவித்தது. முன்னது ஃபாப்ரிஸ் பெலார் 2003இல் தொடங்கியது; சி மொழியில் வளர்ந்தது. பின்னது ரஸ்ட்டில் எழுதப்பட்ட இளைய திட்டம்.

இந்த விதியைப் பழமைவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. இதன் வேர், ஒவ்வொரு பேட்ச்சின் அடியிலும் இருக்கும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரியில் இருக்கிறது. லினக்ஸில் தங்கள் நிரல் இருக்கிறது என்று எஸ்சிஓ நிறுவனம் 2003இல் ஐபிஎம் மீது வழக்குத் தொடுத்தது. அதன் பின், 2004இல் கர்னல் திட்டம் இந்த வரியைக் கொண்டுவந்தது. 'இதை நான் எழுதினேன், அல்லது இந்த உரிமத்தின் கீழ் கொடுக்க எனக்கு உரிமை உண்டு' என்பதே அதன் உறுதிமொழி. மாடல் கொடுத்த 30 வரிகள் யாருடைய நிரலின் சாயல், அது எந்த உரிமத்தில் இருந்தது என்று அதை ஒட்டியவருக்குத் தெரியாது. தெரியாததற்கு உறுதி கொடுத்து அவர் எப்படிக் கையொப்பமிடுவார்?

இன்னொரு காரணம் ரிவ்யூ: அதில் தப்பிய ஒரு சிறு பிழை பல ஆண்டுகள் தங்கிவிடலாம். 2015 மே மாதம் வெளியான 'வெனம்' ஓட்டையை விர்ச்சுவல் மெஷின் துறையில் மறந்தவர் இருக்க முடியாது. கியூஎமுவின் விர்ச்சுவல் ஃப்ளாப்பி கன்ட்ரோலரில் 512 பைட் பஃபர் ஒன்று உண்டு. கெஸ்ட் அனுப்பும் கமாண்டும் அதன் அளவுருக்களும் அதில் வரிசையாக விழும்; கமாண்ட் முடிந்ததும் இன்டெக்ஸ் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டு கமாண்டுகளில் அது திரும்பவில்லை. கெஸ்ட் தொடர்ந்து எழுதிக்கொண்டே போனால் பஃபரைத் தாண்டி, ஹோஸ்டில் ஓடும் கியூஎமுவின் நினைவகத்துக்குள் நுழைந்துவிடலாம். 2004 முதல் அந்தப் பிழை அங்கேயே இருந்தது. அந்த ஃப்ளாப்பி நிரலைப் பயன்படுத்தியதால் ஜென், கேவிஎம், விர்ச்சுவல்பாக்ஸ் மூன்றும் மாட்டிக்கொண்டன. இன்டெக்ஸ் எல்லை மீறாமல் தடுக்கும் சில வரிகளே தீர்வாக அமைந்தன.

பிழையுள்ள அந்த நிரலை எழுதியது மனிதர்தான். மனிதர் எழுதினால் பிழை வராது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் 'இந்த இன்டெக்ஸ் ஏன் இங்கே திரும்பவில்லை?' என்று கேட்டால் எழுதியவரிடம் பதில் இருக்கும். அந்த உரையாடலில் பழகியவரே நாளை ரிவ்யூ செய்ய வருவார். ஏஐ கருவி ஒரு நிமிடத்தில் நூற்றுக்கணக்கான வரிகளைக் கொட்டுகிறது. அவற்றைப் படிக்க ஆகும் நேரமோ குறையவில்லை. ரிவ்யூவுக்கும் பராமரிப்புக்கும் இருக்கும் ஆள்பலம் சொற்பம் என்பதைக் கிளவுட் ஹைப்பர்வைசர் ஒரு காரணமாகவே சொல்லியிருக்கிறது.

ஏபிஐகளை ஆராயவும் டீபக் செய்யவும் ஏஐயைப் பயன்படுத்துவதைக் கியூஎமு தடுக்கவில்லை. அது கொடுத்த நிரல் பேட்ச்சில் இடம்பெறக் கூடாது, அவ்வளவே.

நடைமுறைச் சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. லினக்ஸ் கர்னல் ஏஐ உதவியை அனுமதிக்கிறது. 'அசிஸ்டட்-பை' வரியில் அதைச் சொல்ல வேண்டும், கையொப்பம் மட்டும் மனிதருடையதாக இருக்க வேண்டும். கியூஎமுவோடு சேர்ந்து இயங்கும் கேவிஎம் கர்னலுக்குள் இருப்பதால் அதற்கும் இதுவே விதி. புதிய சிபியு வசதி ஒன்றைக் கெஸ்டுக்குக் கொண்டுசெல்பவர் கேவிஎம்முக்கு ஒரு பேட்ச்சும் கியூஎமுவுக்கு ஒரு பேட்ச்சும் எழுத வேண்டியிருக்கும். ஒரே வேலையின் இரு பாதிகளுக்கு இரண்டு விதிகள்! எடிட்டரில் கோபைலட்டை எப்போதும் திறந்து வைத்திருப்பவர் தன்னை அறியாமலே ஒன்றை மீறிவிடுவார்.

ஆகவே பேட்ச் எந்த ட்ரீக்குப் போகிறது என்று பார்த்துக் கருவியை அணைப்பதும் திறப்பதும் வழக்கமாக வேண்டும். நிறுவனங்கள் தங்கள் உள்விதிகளில் இதைத் திட்டவாரியாக எழுதி வைக்கலாம். கடுமையாகத் தொடங்கிப் பின்னர் தளர்த்தலாம் என்பதே கியூஎமுவின் நிலைப்பாடு. பேட்ச் அனுப்பும் நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களின் வேலை நேரத்தில் ஒரு பங்கை மற்றவர்களின் பேட்ச்சைப் படிக்க ஒதுக்கினால், ரிவ்யூ வரிசையின் நீளம் குறையும். தளர்வு குறித்துப் பராமரிப்பாளர்களிடம் பேசவும் வழி பிறக்கும்.